நாலு இட்லி ஏறிய மேடு

நாலாவது இட்லி உள்ளே போனதும் கோவிந்தராஜுலு கையைக் கழுவிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு இருபது. இனி அரை மணிக்கு ஒரு தரம் விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பார். இரண்டு மணி நேரம் முடியும்வரை அவரைக் கடைக்குக்கூட அனுப்ப முடியாது. "நடந்தா அளவு தப்பிப் போயிருமுங்க" என்பார். ஒவ்வோர் அளவுக்கும் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்து, கடைசியில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லியின் கோடு மருதமலை மாதிரி நிமிர்ந்து நின்றது. உச்சியில் 264 என்று எழுதினார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக டெஸ்டிங் வேலை. புது மோட்டாரை ஓட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து இப்படித்தான் கோடு இழுக்க வேண்டும். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். கீழே அவர் தும்மினால் மேலே கேட்கும். அதனால் அவர் கதை முழுக்க எனக்கு அத்துப்படி.

போன வருடம் அந்த முள் அவருக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணில் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் செய்வேன் என்றார் டாக்டர். கம்பெனியிலோ, தீபாவளிக்குள் கண் சரியாகாவிட்டால் கேட் திறந்துவிடுகிற வேலைக்குப் போங்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். "அதுக்கு ஊட்டுலயே உக்காந்துக்கலாமுங்க" என்றார் என்னிடம்.

ஆபரேஷனுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த முதல் தேதிக்கு நம்பிக்கையோடுதான் போனார். இரண்டு மாதமாகச் சோற்றைத் தொடவில்லை. காலையும் மாலையும் ராகிக் கூழ், அதில் தாராளமாக நாட்டுச் சர்க்கரை. ராகி சுகருக்கு நல்லது, நாட்டுச் சர்க்கரை சர்க்கரையே இல்லை என்பது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வேதவாக்கு. ஆஸ்பத்திரியில் 312 காட்டியது. "நாட்டுச் சக்கரைதானுங்க போட்டேன்!" என்று நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டார். இரண்டாவது தேதிக்கு முந்தின நாள் முழுப் பட்டினி, மாத்திரை மட்டும். சர்க்கரை அடியோடு இறங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிட்டார். குளுக்கோஸ் கொடுத்துத் தெளியவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் புத்தி வந்ததாம். "தண்ணி இல்லாம ஓட்டுனா மோட்டார் கருகிப்போகுமுங்க. ஊருக்கெல்லாஞ் சொல்றவன், என்ர ஒடம்பை அப்படி ஓட்டிப்போட்டேன் பாருங்க."

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையை வேளை தவறாமல் போட்டபடியே, ஞாயிறுக்கு ஒரு சாப்பாடாகச் சோதிக்க ஆரம்பித்தார். வெறும் உப்புப் போட்ட ராகிக் கூழே இட்லியைத் தாண்டிப் போனது. "மாவா அரைச்சுக் கொழையக் காச்சிப்போட்டா வவுத்துக்கு வேலையே இல்லீங்க, சட்டுனு ரத்தத்துல ஏறிக்குது." முழுக் கம்பைச் சோறாக்கிக் கொள்ளுப் பருப்போடு சாப்பிட்ட நாளில் கோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. அரிசிம்பருப்புச் சோற்றை விடு என்றால் கொங்கு நாட்டில் யார் கேட்பார்? ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலும் முட்டையும் முதலில், அப்புறம் ஒரே கரண்டி சோறு என்று சாப்பிட்டுப் பார்த்தார். 181-ஓடு நின்றுவிட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே ஓடி வந்தார்.

"ஏனுங்க, சோறு பகையில்லீங்க! எதை மொதல்ல திங்கறம், எத்தன திங்கறம், அதுலதானுங்க இருக்குது!"

அவர் தாளை நம்பி நானும் ஒரு நாள் கம்பஞ்சோறு சாப்பிட்டு ஊசி குத்திக்கொண்டேன். என் கோடு வேறு மாதிரி வந்தது. "உங்க மோட்டார் வேறீங்க" என்று முடித்துக்கொண்டார்.

பாடெல்லாம் அவர் மனைவி அம்புஜத்துக்குத்தான். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து, உப்பு பத்துதான்னு கேட்டா 'ம்'ம்பாருங்க, அவ்வளவுதான். இப்ப அவரைக்கா எத்தன கிராமுன்னு கேக்கறாருங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் விடிந்ததும் சின்னத் தராசில் காயை நிறுத்து வைப்பதும் அந்த அம்மாள்தான்.

டாக்டர் குறித்த மூன்றாவது தேதி புரட்டாசியில் வந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அம்புஜத்தோடு துணைக்கு நானும் போனேன். நர்ஸ் விரலில் குத்தியதும் மூன்று பேரும் மீட்டரையே எட்டிப் பார்த்தோம். 142. மூன்று மாதச் சராசரியும் நன்றாக இறங்கியிருந்தது. "நாளைக்கே வலது கண்ணைப் பண்ணிரலாம்" என்றார் டாக்டர். அம்புஜம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். அம்புஜம் வீட்டில் சமையலை முடித்த கையோடு, சாப்பாட்டுத் தூக்குப்போசியுடன் பஸ் பிடித்து வந்திருந்தார். கோவிந்தராஜுலு கண்ணைச் சிமிட்டினார். ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, தெரியுதுங்களா?" என்றார் அம்புஜம்.

மனைவியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். வளையலில் ஒட்டியிருந்த ஒற்றைக் கடுகை நகத்தால் மெல்ல எடுத்து, அம்புஜத்தின் உள்ளங்கையில் வைத்தார்.