ஏழாவது கம்பத்தின் மிஸ்டு கால்

எங்கள் உரத் தொழிற்சாலையில் அபாயச் சைரனைப் பார்த்துக்கொள்வது சங்கண்ணனின் வேலை. ஆலைச் சங்கை ஊதுகிறவர் என்பதால் நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. அமோனியா கசிந்தால் சுற்றுத் தெருக்காரர்கள் ஓட வேண்டுமே, அதற்காக ஒன்பது கம்பங்களில் எலக்ட்ரானிக் சைரன்கள் நிற்கின்றன. திங்கட்கிழமைதோறும் பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் ஊதிப் பார்ப்பார்.

பட்டனை அழுத்தினால் ஒன்பது பச்சை விளக்குகள் எரியும். வேறு ஆளாக இருந்தால் அதோடு கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அண்ணன் போகமாட்டார்.

"பெட்டிக்குக் கரண்ட் போய்ச் சேந்துச்சுன்னுதான் விளக்கு சொல்லும். கத்துச்சான்னு காதுதான் சொல்லணும்" என்பார்.

அதனால் ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தார். சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக் காவலாளி இப்படி. சத்தம் கேட்டதும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒன்பதும் வந்தால்தான் பதிவேட்டில் கையெழுத்து. ஏழாவது கம்பம் அவர் வீட்டு வாசலிலேயே இருந்ததால் அங்கே அந்தப் பொறுப்பு அண்ணிக்கு.

ஒரு திங்கட்கிழமை, பட்டனில் கை வைக்கப்போன நேரத்தில் மேலாளர் கூப்பிட்டு ஏதோ வளவளவென்று பேசினார். மணி பதினொன்றைத் தாண்டியது. அண்ணனின் போன் ஒரு தரம் அடித்து நின்றது. அண்ணி. சைரன் இன்னும் ஊதவே இல்லை.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சோதனையை முடித்ததும் ஏணியோடு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எதிர்வீட்டம்மா வழிமறித்து, "சத்தத்தைக் குறைச்சதுக்கு ரொம்ப நன்றிங்க. மூணு மாசமா புள்ள நிம்மதியா தூங்குது" என்றார்.

அண்ணி வாசலில் நின்றார்.

"கடிகாரத்தைப் பார்த்தா மிஸ்டு கால் குடுக்கறே?" என்றார் அண்ணன்.

"மூணு மாசமாவே எங்கேயோ தூரத்துல ஊதுற மாதிரிதான் கேக்குது. எனக்குக் காது போயிடுச்சுன்னு நினைச்சேன். அதான் மணியைப் பார்த்து அடிச்சேன். உங்க பொழப்பே சத்தம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அண்ணிக்குக் கேட்டது அடுத்த தெருக் கம்பத்தின் சத்தம். அண்ணன் ஏணியில் ஏறிப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஹார்னுக்குப் போகும் ஒயரை அணில் கடித்துத் துண்டாக்கியிருந்தது.

"உன் காதுக்கு ஒண்ணுமில்ல. இதுதான் ஊமையாயிடுச்சு" என்று மேலே இருந்தபடியே சொன்னார். அண்ணி அழுதுவிட்டார். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சிரித்தார். பிறகு ஏணியிலிருந்து தெருவைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். நாற்பது வீடுகள். மூன்று மாதமாக அவற்றுக்கு இருந்த பாதுகாப்பெல்லாம் அவர் கையெழுத்து மட்டும்தான்.

மேலாளர் நல்லவிதமாகவே சொன்னார்: "இன்னைக்குத்தான் கெட்டுச்சுன்னு எழுதுங்க. பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு."

அண்ணன் எழுதினார்: 'பன்னிரண்டு வாரமாக ஏழாவது சைரன் ஒலிக்கவில்லை. ஒலித்ததாகக் கையெழுத்திட்டது நான்.' அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதவி உயர்வு கைநழுவிப் போனது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அப்போது நானும் திட்டினேன்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அண்ணன் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். பதிவேட்டில் எழுதியதை அண்ணியிடம் சொன்னாராம்.

"பொய்யா அடிச்சது நான்தானே. என்னையும் எழுதியிருக்கலாம்" என்றாராம் அண்ணி. "ஆனா இந்தப் பன்னெண்டு வாரத்துல ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து, 'இன்னைக்குக் கேட்டுச்சா'ன்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேங்க."