பூம்பாறை பஸ்ஸில் அம்மா தூங்கிய இடம்

அம்மா அன்றைக்குப் பஸ்ஸில் தூங்கியிருக்கக் கூடாது. அங்கே அது தெரிந்த ஒரே ஆள் என் அண்ணி. அதை அம்மாவிடம் சொல்லவேண்டிய பொறுப்பு என் அண்ணனுடையது. அண்ணனிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்கு மட்டும் அப்போது தெரியாது.

அண்ணி செர்பியாக்காரர். அண்ணன் அங்கே வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, போன மே மாதம் முதல் தடவையாக அவரைப் பூம்பாறைக்குக் கூட்டி வந்தான். வந்த வாரத்திலேயே ஜார்ஜியார் திருநாள். கொடைக்கானல் மாதா கோயில்களில் அது ஏப்ரலிலேயே முடிந்துவிடுமே என்று கேட்டேன். அவர்கள் சபைக்குப் பழைய காலண்டர், அதனால் மே ஆறு என்றார் அண்ணி. அதைப் புரிந்துகொள்ள நான் ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். அம்மாவுக்குத் தாள் தேவைப்படவில்லை.

"வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மாதிரி. இதுல முழிக்க என்ன இருக்கு?"

போனில் படத்தைக் காட்டியதும் மிச்சச் சந்தேகமும் தீர்ந்தது. குதிரை, கையில் ஈட்டி, காலடியில் பெரிய பாம்பு மாதிரி ஒன்று. "அட, வேலு வச்சிருக்காரே! நம்ம வேலப்பருக்குச் சொந்தக்காரராத்தான் இருக்கும்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முந்தின சாயங்காலமே அண்ணி அண்டாவில் தண்ணீர் பிடித்து, பூவும் தழையும் போட்டு முற்றத்தில் வைத்தார். கொட்டுகிற செடி ஒன்றும் சேரவேண்டுமாம். அப்பா பூண்டு வயல் ஓரத்திலிருந்த செந்தட்டியைக் காட்டினார். இது உங்கள் ஊர்ச் செடியைவிடப் பொல்லாதது, துணி சுற்றிப் பறி என்று அண்ணியிடம் சொல்லும் வேலை அண்ணனுக்கு. அண்ணி அன்று சாப்பிடும்வரை இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியுமுன் எங்களை எழுப்பினார். புல்லில் கிடந்த பனியில் முகம் கழுவினோம். பூத்தண்ணீரில் குளித்தோம். பேரிக்காய் மரத்தில் கயிறு கட்டி ஆளுக்குக் கொஞ்சம் ஊஞ்சலாடினோம். உடம்புக்கு வலு சேர்க்குமாம். மாட்டுக்கு மாலை போட்டபோது மட்டும் அப்பா, "இத நாம தையிலயே போட்டாச்சே" என்றார். மற்றபடி எதிர்ப்பு இல்லை.

கடைசி விதி ஒன்று இருந்தது. அன்று பகலில் யாரும் தூங்கக் கூடாது, தூங்கினால் வருஷம் முழுக்கத் தலைவலி. அம்மாவிடம் இதைச் சொல்லச் சொன்னபோது அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மதியம் நாங்கள் மூன்று பெண்களும் கொடைக்கானலில் சாமான் வாங்கிவிட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். அவ்வளவு வெள்ளனே எழுந்து, பனியில் நனைந்து, ஊஞ்சலும் ஆடிய அம்மா, அப்சர்வேட்டரி தாண்டியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். முன் இருக்கையிலிருந்த அண்ணி, பூம்பாறை வயல்கள் படிக்கட்டு மாதிரி தெரிய ஆரம்பிக்கும் வளைவில் எங்களிடம் எதையோ காட்டத் திரும்பினார்.

"அத்தை! வேண்டாம்ங்க!"

டிரைவர் யாரோ விழுந்துவிட்டதாக நினைத்து பிரேக் போட்டார். எங்களுக்குப் பின்னால் ஒருவர் மடியில் வைத்திருந்த முட்டை அட்டை எங்கள் இருக்கை முதுகில் மோதி வழிந்தது. அம்மா விழித்து, "என்ன, ஊரு வந்துருச்சா?" என்றாள்.

அண்ணியிடம் இங்கிலீஷில் கேட்டு, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவின் ஒற்றைத் தலைவலி எனக்கு மூத்தது. மாதம் தவறாமல் வரும். வந்தால் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, நெற்றியில் சுக்குப் பற்றோடு கிடப்பாள். நாங்கள் வீட்டுக்குள் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினோம். அது முந்தின ஐப்பசியோடு நின்றிருந்தது. நின்றுவிட்டது என்று அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அதற்குக் கேட்டுவிடும் என்று பயம். இப்போது யாரோ விலாசம் கொடுத்து அதைத் திரும்ப அழைத்த மாதிரி முகம் வெளுத்துவிட்டது.

"இதுக்கு மாத்து எதுவும் இல்லையான்னு கேளு."

இருந்தது. இரண்டு நாள் கழித்து மாற்கு திருநாள். அன்று அதே இடத்தில் போய்த் தூங்கினால் தோஷம் கழிந்துவிடும்.

அதே இடம் என்றால் எது? நான் சர்வே படித்தவள். இடம் என்ற சொல்லை யாரும் அசட்டையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அந்த இருக்கையா, அல்லது அந்த ரோடா? வீட்டுக்கு வந்து இதைப் பேசியபோது இருக்கை என்றாள் அம்மா. ரோடு என்றான் அண்ணன், தன் பங்குக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று. அண்ணி தன் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "எங்கள் ஊரில் புல்வெளியில்தான் தூங்கிப்போவார்கள். புல்வெளி நகராது" என்றார்.

எதற்கும் இரண்டையும் சரிசெய்துவிடுவது என்று முடிவுசெய்தேன். அதே பஸ், அதே இருக்கை, அப்சர்வேட்டரியிலிருந்து அந்த வளைவு வரை தூக்கம். மாற்கு திருநாளன்று காலையே கொடைக்கானல் ஸ்டாண்டில் அதே கண்டக்டரைப் பிடித்தேன்.

"முட்டை உடைஞ்ச வண்டி இன்னைக்கு வருதாண்ணே?"

"அதை ஏம்மா கேக்குறீங்க, எத்தனை வாட்டி கழுவியும் நாத்தம் போகல. எதையும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"எங்கம்மா அதுல தூங்கிட்டாங்க. மறுபடி தூங்கணும்."

அவர் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று இந்தத் தடவையும் தப்பாகக் கணக்குப் போட்டேன். "தலைவலி பொல்லாதது. வெரசா வந்து ஏறுங்க" என்றார்.

சீசன் கூட்டம். நாங்கள் ஏறும்போது அந்த ஜன்னலோரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஜன்னல் இல்லேன்னா வாந்தி வரும்" என்றார்.

"எங்கம்மா இங்க தூங்கணும்ங்க."

"தூங்குறதுக்கு எதுக்குங்க ஜன்னல்?"

கண்டக்டர் குறுக்கே வந்தார். "சார், நீங்க எந்த ஜன்னல்லயும் வாந்தி எடுக்கலாம். அந்தம்மா இங்க மட்டுந்தான் தூங்க முடியும். எந்திரிங்க."

அவர் எழுந்தார். அன்றைய முட்டைக்காரரும் ஏறினார். அண்ணியைப் பார்த்ததும் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

அப்சர்வேட்டரி வந்தது. அம்மா கண்ணை மூடினாள், திறந்தாள்.

"பாட்ட நிப்பாட்டுப்பா, அந்தம்மா தூங்கணும்ல" என்றது ஒரு குரல்.

"பாட்டு இருந்தாத்தான்டா தூக்கம் வரும்" என்றது இன்னொன்று.

"ஆத்தா, கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ள பூண்டு உரிங்க" என்றார் பக்கத்து வரிசைப் பெண்.

அம்மா வெடித்தாள். "இத்தன பேரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா எப்படித் தூங்குறது? அங்கிட்டுத் திரும்புங்க எல்லாரும்!"

பஸ் மொத்தமும் மறுபக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பாதிப் பஸ் தூங்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்காரர் வாந்தியையே மறந்து குறட்டை விட்டார். அம்மா மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். என் போன் மேப்பில் அந்த வளைவு நெருங்கிக்கொண்டே வந்தது.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். குனிந்து கேட்டேன். "வந்த முதல் வாரமே அத்தைக்கு நோயைக் கொண்டுவந்துவிட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

"ஏத்தா, என்னவாம் அவளுக்கு?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"கிறுக்குப் புள்ள" என்று அம்மா அண்ணியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். உடனே வாய் திறந்தது. எங்கள் வீட்டில் யாரும் கேட்டேயிராத ஒரு குறட்டை வந்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். அம்மாவின் விரல் மட்டும் அண்ணியின் கையிலிருந்த செந்தட்டித் தடிப்பை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தது. வளைவு தாண்டும்வரை அது நிற்கவில்லை.

"நல்ல தூக்கம்" என்றாள் அம்மா, இறங்கும்போது. அண்ணி நடுரோட்டில் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்.

தலைவலி ஆடியில் வந்தது, ஒரே ஒரு நாள். அம்மா இருட்டறையில் பற்றோடு கிடந்த நேரத்தில் அண்ணி செர்பியாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அம்மா எழுந்தாள். நெற்றியைத் துடைத்துப் பவுடர் போட்டாள். வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, தலை எப்படி இருக்குங்க?"

"தலைக்கென்ன, கல்லாட்டம் கெடக்கு. நீ சாப்ட்டியா?"

பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டினாள். "அவகிட்டச் சொல்லிப்புடாத."

"அன்னைக்கு நீ தூங்கலேல்ல?"

"அந்தப் புள்ள அப்பிடி அழுதுக்கிட்டுக் கெடக்கையில தூக்கமா வரும்?" என்று திரும்பவும் படுத்து, துண்டைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து கொஞ்சம் கழித்து இன்னொரு வாக்கியம் வந்தது.

"வர்ற மே மாசம் அவ ஊருக்குப் போறோம்ல, அந்தப் புல்வெளியப் பாத்து வைக்கச் சொல்லு. அதுவாவது நகராம இருக்கும்."