குப்பைப் பைகளோடு நின்ற சீனியம்மா

சீனியம்மாவின் வேலை நிற்பது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு எங்கள் சிறு ஒழுங்கை கொழும்பின் பெரிய காலி வீதியைச் சந்திக்கும் இடத்தில் ஒன்பது குப்பைப் பைகளை வரிசையாக வைப்பாள். மாநகரசபை லொறி வரும் வரை அவற்றின் பக்கத்திலேயே நிற்பாள். லொறி சில நாள் ஏழு மணிக்கு வரும், சில நாள் பத்தரைக்கு. மழை என்றால் பைகளுக்கு மேலேதான் குடை பிடிப்பாள். பை நனைந்து கிழிந்தால் நாய் வரும், நாயை விரட்டப் பத்தடி நகர வேண்டிவரும். நகரக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் ஒரே விதி.

போர் நடந்த 2007ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் ஆளில்லாமல் ஒரு பை வீதியில் நின்றால் அது குப்பை இல்லை, குண்டு. எங்கள் போர்டிங் இதை ஒருமுறை அனுபவித்துக் கற்றுக்கொண்டது. அங்கே படிக்கும் பெண்கள் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். கணக்கியல், கணினி, ஆய்வுகூடத் தொழில் என்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் இருந்து வந்தவர்கள். வீட்டுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. ஆகக் கடைசியாக வந்தவள் 'புதுப்பிள்ளை'. குளியலறைக்குக் கடைசியாகப் போவாள், ஒழுகும் யன்னலோரம் படுப்பாள், குப்பையை வெளியே கொண்டுபோவாள். நான் வருவதற்கு முந்திய வருடம் ஒரு புதுப்பிள்ளை பையை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். யாரோ பொலிசுக்கு அறிவித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் காலி வீதியை மறித்து அந்தப் பையை வெடிக்க வைத்தார்கள். அதற்குள் இருந்த பலாக்காய்ச் சடை எதிர்வீட்டு மதிலில் ஒரு மாதம் காய்ந்து ஒட்டியிருந்ததாம். இன்னொரு பை தனியாக நின்றால் போர்டிங்கை மூடிவிடுவோம் என்று பொலிசார் சொல்லிப் போனார்கள்.

வீட்டுக்காரி பலீலா அன்ரி அதற்குப் பிறகுதான் சீனியம்மாவைக் கொண்டுவந்து பின் அறையில் வைத்தார்.

சீனியம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயதில் கொழும்புக்கு வந்து ஏழு வீடுகளில் சமைத்தாள். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், புதுக்கடையில் சட்டத்தரணிகள் சாப்பிடும் கடை ஒன்றில் மேசை துடைத்தாள். எந்த இடத்திலும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கவில்லை, காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அவளிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அலைந்து பிந்திய பிறப்புப் பத்திரம் ஒன்றை எடுத்து, பலீலா அன்ரியின் முகவரியில் கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி, அட்டைக்கு விண்ணப்பித்திருந்தாள். அது வரும் வரை அவளுக்கென்று இருந்த கடதாசி ஒன்றே ஒன்று: வீட்டில் தங்கியிருப்போர் என்று மாதாமாதம் பொலிசுக்குக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலின் பிரதி. இருபத்துமூன்றாவது பெயர் அவளுடையது. அதை மடித்துப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பாள். நகரின் மறுபக்கம் ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்கு அருகில் ஒரு வாடகை அறையில் அவளுடைய தங்கச்சி ராக்கம்மா இருந்தாள். ஆனால் அந்த அறையின் சொந்தக்காரர் அட்டை இல்லாத ஆளின் பெயரைப் பட்டியலில் எழுத மறுத்துவிட்டார். சனி ஞாயிறில் மட்டும் அங்கே போய்வருவாள்.

நான் ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டு வந்து அந்த வீட்டில் ஒரு கட்டில் எடுத்திருந்தேன். மூன்று நாடுகளில் மாணவர் விடுதிச் சமையலறைகளில் வேலை செய்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே திரும்பப் போக வேண்டும் போலிருந்தது. விசா இழுபட்டது. வெளியே நடந்தால் ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தினார்கள், உள்ளே இருந்தால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை. ஒருநாள் குசினிக்குப் பின்னால் அந்த ஒன்பது பைகளையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். பாதி, கடைச்சோறு சுற்றித் தரும் லஞ்ச் ஷீற் பொலித்தீனும் சொப்பிங் பேக்கும். மற்றப் பாதியில் பெரும்பங்கு சாப்பிடாத சோறு.

வீட்டுக்கு வருடாவருடம் ஒரு தலைவியைத் தெரிவுசெய்வார்கள். அந்த வருடம் கல்முனைக்காரி றலியா. அவளிடம் சொன்னேன். அன்று பின்னேரமே கூட்டம் வைத்தாள். இனிக் கடையில் சோறு எடுப்பவர்கள் ரிபின் காரியர் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இரவுச் சாப்பாடு வேண்டாதவர்கள் மத்தியானமே தங்கள் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், சமைப்பவர் நிமிர்ந்த கோப்பைகளை எண்ணி அரிசி போடுவார். தோலும் தும்பும் பின்வளவு முருங்கைக்குக் கீழே உரத்துக்காக வெட்டிய கிடங்குக்குப் போகும். தண்டனையை றலியாவே யோசித்தாள்: லஞ்ச் ஷீற்றோடு பிடிபடுகிறவள் ஒரு கிழமைக்குப் புதுப்பிள்ளை. இறுதியாண்டுப் பெண் ஒருத்தி ஒழுகும் யன்னலோரம் ஏழு இரவு படுத்தெழும்பிய பிறகு வீட்டுக்குள் ஒரு ஷீற்றும் வரவில்லை.

ஆறு கிழமையில் ஒன்பது பை இரண்டானது. நான் அதை நாளுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

பலீலா அன்ரியும் பார்த்தார். "ரெண்டு பேக்குக்கு ஒரு ஆளா, புள்ள?" என்று றலியாவிடம் கேட்டார். புதுப்பிள்ளைகள் மாறிமாறி நிற்கலாம், மாதம் முடிய சீனியம்மா போகட்டும் என்று முடிவானது. சீனியம்மா வாசலில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

மறுநாள் காலை பைகளோடு நின்றவளிடம் போனேன். அவள் என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லா செஞ்சீங்க மிஸ். லொறிக்காரனுக்குப் பாரம் கொறஞ்சிருச்சு."

எனக்கு விளங்கவில்லை. வேறு வேலை தேடித் தருகிறேன் என்று ஏதோ சொன்னேன். அவள் சட்டைக்குள்ளிருந்து அந்தப் பொலித்தீனை எடுத்து விரித்தாள்.

"வேல கெடைக்கும் மிஸ், வேலைக்கு என்னா. இந்த லிஸ்டு எங்க கெடைக்கும்? இது இருந்தா நானு ஆளு. இல்லாட்டி இந்தா, இது மாதிரித்தான்." காலால் ஒரு பையைத் தட்டினாள். "தனியா நிக்கிற பை."

பலீலா அன்ரியிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை. பட்டியலை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, தங்கியிருக்கும் காரணம் என்று ஒரு நிரல் இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி. சீனியம்மாவுக்கு வேலை. வேலை இல்லாத, அட்டையும் இல்லாத ஒருத்தியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று பொலிசார் கேட்டால் நான் என்ன சொல்ல, எனக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். திரும்பவும் ஒன்பது பை போடச் சொல்லவா? அந்த நினைப்பும் வந்தது.

அடுத்த திங்கள் வாசலில் நான்கு பை இருந்தது. புதன் ஐந்து. றலியா கொதித்தாள். யார் களவாகப் பார்சல் எடுக்கிறீர்கள் என்று அறை அறையாகக் கேட்டாள். மூன்று பெண்கள் அழுதார்கள், ஒருத்தி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் ஒரு பையை அவிழ்த்தேன், கால்வாசிதான் நிரம்பியிருந்தது. வாழைச்சருகு, வாடிய செவ்வந்தி மாலைகள், விபூதி ஒட்டிய தேங்காய் மூடிகள். எங்கள் வீட்டில் மாலை போட எந்தச் சாமியும் இல்லை. இவ்வளவு மாலை ஒரு கோயிலில்தான் சேரும்.

சீனியம்மாவிடம் கேட்டேன்.

"காத்துல வந்திருக்கும்," என்றாள்.

அதற்கடுத்த திங்கள் ஆறரைக்கு அவள் ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்துசேரவில்லை. எங்கள் இரண்டு பைகளையும் நானே கொண்டுபோய் வைத்தேன். ஏழாகியது. ஏழரை ஆகியது. கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸின் மிதிபலகையையும் பார்த்தேன். காலை மாற்றி மாற்றி நின்றேன். போய்த் தேட வேண்டும், பைகளை விட்டுப் போகவும் முடியாது. எட்டரைக்கு பலீலா அன்ரி தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி ஒழுங்கையால் வேகமாக வந்தார். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள், கையில் ஒரு பை, அட்டை இல்லை என்று, பட்டியலில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் பொலிசிலிருந்து அழைத்திருந்தார்கள். பைகளோடு றலியாவை நிறுத்திவிட்டுப் போனோம்.

பொலிஸ் நிலையத்தில் சீனியம்மா மரவாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் பத்திரிகை விரித்து அவளுடைய பையைக் கொட்டியிருந்தார்கள். மாலை, வாழைப்பழத் தோல், தேங்காய்த் தும்பு. ஒரு பொலிஸ்காரர் தும்பைத் தடியால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜன்ட் நான்கு முறை கேட்டிருக்கிறார், நான்கு முறையும் அவள் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள்: குப்பை, ஜிந்துப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகிறேன். கொழும்பில் எல்லோரும் குப்பையை வீட்டிலிருந்து வெளியே எடுப்பார்கள், இவள் மட்டும் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறாளா என்று அவர் எங்களிடம் சிங்களத்தில் கேட்டார். இதைவிட நல்ல பொய் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பைகள் குறைந்தன, வேலை போகப்போகிறது, பைகளைக் கூட்டினாள் என்று. துருப்பிடித்த என் சிங்களத்தில் முதல் வசனமே பிழைத்தது. பலீலா அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார். சீனியம்மா அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுடைய வேலை போன மாதத்துப் பட்டியலோடு முடிந்தது, இப்போது இவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அன்றைக்கே அவளைக் கொழும்பை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"நாங்கதான், மாத்தயா, கொண்டுவரச் சொன்னது," என்றார் பலீலா அன்ரி சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில். தன் வீட்டில் உரம் செய்வதாகவும், பிள்ளைகள் குப்பையைக் குறைத்துவிட்டதால் கிடங்கு நிரம்பவில்லை என்றும், கோயில் குப்பை நல்லதென்று இவளை அனுப்பியதாகவும் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து இருபத்துமூன்றாவது பெயரில் விரலை வைத்தார். இவள் என் வீட்டு ஆள், வேண்டுமானால் கையெழுத்து வைக்கிறேன் என்றார். சார்ஜன்ட் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். கிடங்கையும் பார்க்க வேண்டும் என்றார்.

மத்தியானம் ஜீப்பில் வந்தார். இருபத்திரண்டு பெண்களும் படிக்கட்டில் நிற்க, பின்வளவுக்குப் போய்த் தடியால் கிடங்கைக் கிளறினார். அடியிலிருந்து கறுப்பு மண் வந்தது. குனிந்து மணந்தார். குசினியில் கவிழ்த்து வைத்த கோப்பைகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார், றலியா விளக்கினாள். போகும்போது, ரோசாவுக்குப் போடலாமா, மனைவி வளர்க்கிறாள் என்றார். சீனியம்மா கொண்டுவந்த பையிலேயே மண்ணை நிரப்பிக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா மிஸ்," என்றாள் ஜீப் திரும்பிய பிறகு. "குப்ப கொண்டாந்தா ஜெயிலு. மண்ணு கொண்டுபோனா சார்ஜன்ட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பொலிஸ் புத்தகத்தில் எழுதியாகிவிட்டதால் பிறகு அதை நிறுத்தவும் முடியவில்லை. திங்கள்தோறும் பலீலா அன்ரியின் கடிதத்தோடு ஒரு பை கோயில் குப்பை ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தது. சாவடியில் தானே அவிழ்த்துக் காட்டுவாள். அது நேரே கிடங்குக்குப் போனது, வாசலில் இரண்டு பைதான் நின்றது. அடுத்த மாதப் பட்டியலில் அவளுடைய பெயருக்கு நேரே பலீலா அன்ரி 'உரம்' என்று எழுதினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் பட்டியல் முத்திரையோடு திரும்பி வரும் வரை சீனியம்மா இரண்டு மூன்று நாள் வீதிக்கு இறங்கமாட்டாள். அந்த நாட்களில் புதுப்பிள்ளைகள் நின்றார்கள், சில நாள் நானும் நின்றேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, லொறி வர முன்னம், கிராம சேவகர் சைக்கிளில் வந்து ஒழுங்கை முகப்பிலேயே இறங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாதவளிடம் பெருவிரல் அடையாளம் வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். அவள் அங்கே நின்றபடியே பிரித்தாள். அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னை அழைத்தாள்.

"மிஸ், இதுகளக் கொஞ்சம் பாத்துக்குங்க."

பைகளை விட்டு அவள் நகர்ந்து நான் கண்டது அன்றுதான். சந்தியில் மணல்மூட்டைக்குப் பின்னால் ஒரு சிப்பாய் நின்றான். அவன் யாரையும் மறிக்கவில்லை, தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். சீனியம்மா நேரே அவன் முன்னால் போய் அட்டையை நீட்டினாள். அவன் குவளையை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். அவள் சாவடியைக் கடந்து பாலம் வரைக்கும் போனாள். அங்கே நின்று கால்வாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி அதே வழியாக வந்து அதே சிப்பாயிடம் மறுபடியும் நீட்டினாள். அவன் என்னவோ சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் பார்த்து முடிக்கும் வரை காத்து நின்றாள்.

எனக்கு அந்தக் கிழமைதான் விசா வந்திருந்தது, ஒன்பது மணிக்குப் பயணச்சீட்டு எடுக்கப் போக வேண்டும். அவள் மூன்றாம் முறை சாவடியை நோக்கித் திரும்பினாள். லொறியை இன்னும் காணவில்லை. நான் இரண்டு பைகளையும் காலோடு சேர்த்து இழுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.