அலை கொண்டுவராத இளநீர்க் காய்

நாற்பத்திரண்டு வயதில் நான் பத்தாம் வகுப்பில் சேர்ந்தேன். சின்ன வயதில் ஏழாவதோடு நின்றுபோன படிப்பு. என் மூத்த மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போன மாதம், இனி எனக்காக ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. பெரியவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். கொச்சியில், மட்டாஞ்சேரியில் தெருக் கூட்டுவது என் வேலை. காலையில் பஜார் ரோடு, வெயில் ஏறினால் படகுத்துறை.

கணக்கைக்கூட ஒரு மாதிரி சமாளித்தேன். இயற்பியல்தான் பயமுறுத்தியது. விசைக்குப் பலம், ஆற்றலுக்கு ஊர்ஜம், அலைக்குத் தரங்கம் என்று மலையாளப் புத்தகத்தில் வரி வரியாக வாசிப்பேன். வாசித்தது ஒன்றும் உள்ளே இறங்காது. சுவரை நாள் முழுக்கத் தள்ளினாலும் அது நகராவிட்டால் செய்த வேலை பூஜ்யம் என்று டீச்சர் சொன்ன அன்று, எனக்குக் கோபமே வந்தது. வீட்டுக்கு வந்து, "இதை எழுதினவன் ஒரு நாள் குப்பை வண்டி தள்ளிப் பார்க்கணும்" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

டீச்சர் சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். திருப்பூணித்துறையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். அந்த ஞாயிறு பாடம், அலைகள். எடுத்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அலை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு என்னத்தைக் கொண்டுபோகுது?"

"தண்ணியை" என்றது வகுப்பு முழுவதும்.

நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்று எப்படியோ வந்துவிட்டது. "தண்ணியைக் கொண்டுவராது டீச்சர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. ஆனாலும் எழுந்து நின்று சொன்னேன். படகுத்துறையில் பிளாஸ்டிக் பாட்டில் மிதக்கும். குப்பை அள்ளும் என் வலைக்கோலுக்கு எட்டாது. போட் வரட்டும், அலை அதைக் கரைக்குத் தள்ளும் என்று எத்தனையோ நாள் காத்து நின்றிருக்கிறேன். அலை வரும், பாட்டில் ஏறி இறங்கும், இருந்த இடத்திலேயே இருக்கும். அலை மட்டும் என் காலடிக்கு வந்து மோதும்.

பின்வரிசையில் ஆட்டோ ஓட்டுகிற சேட்டன் சிரித்தார். "சேச்சி, ஃபோர்ட் கொச்சி பீச்சுக்கு வந்து பாருங்க. எவ்வளவு பாயல், அந்த ஆகாயத்தாமரை, வந்து குவிஞ்சு கிடக்கு! அலை இல்லாம அது நடந்தா வந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

பதினாறு பேர் வரிசையாகப் படகுத்துறைக்கு நடந்தோம். துறைக்குப் பக்கத்தில் தண்ணீரில் ஒரு மூங்கில் கழி ஊன்றியிருந்தது. அதையொட்டி, யாரோ குடித்துவிட்டு எறிந்த இளநீர்க் காய் ஒன்று மிதந்தது. "அந்தக் கழிதான் அடையாளம். காய் அதைவிட்டு நகருதா பாருங்க" என்றேன்.

எறணாகுளம் போட் கடந்து போனது. அலை வந்தது. காய் ஏறியது, இறங்கியது, கழியைத் தாண்டி நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

"எங்க சேச்சி, போகாதுன்னீங்க?" என்று சேட்டன் கை தட்டினார்.

நான் துறையின் விளிம்புக்குப் போய் நின்றேன். பிறகு காயைக் கவனித்தேன். அது கரைப்பக்கம் வரவில்லை. கரையோரமாகவே கடலைப் பார்த்துப் போனது. அலை எங்களை நோக்கி வந்தது, காய் வேறு பக்கம் போனது. அப்போதுதான் பிடிபட்டது.

"இது அலை இல்ல. தண்ணி கடலுக்கு இறங்குற நேரம், அந்த நீரோட்டம் இழுத்துட்டுப் போகுது" என்றேன். "இன்னும் அரை மணி நேரத்துல தண்ணி நிக்கும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அப்போ பாருங்க."

"அதெப்படித் தெரியும்?" என்று டீச்சர் கேட்டாள்.

"பதினோரு வருஷமா இங்க நிக்கிறேன் டீச்சர்."

காத்திருந்தோம். யாரோ சாயா வாங்கி வந்தார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கழியைச் சுற்றியிருந்த சுழிப்பு மெல்ல அடங்கி, தண்ணீர் தகடு மாதிரி நின்றது. துறையில் வைத்திருக்கும் என் வலைக்கோலால் இன்னொரு இளநீர்க் காயைக் கழியோரம் தள்ளிவிட்டேன். அடுத்த போட் போனது.

அலை வந்தது. காய் ஏறியது, கொஞ்சம் முன்னே வந்தது, பின்னே போனது, இறங்கியது. அடுத்த அலைக்கும் அப்படியே. எட்டு, ஒன்பது அலை போயிருக்கும். கழியைவிட்டு அது ஒரு சாண்கூட நகரவில்லை. ஆனால் அதே அலைகள் கரைக்கு வந்து, கட்டியிருந்த வள்ளத்தைத் தூக்கிப் போட்டன. கல்லில் அடித்துத் தெறித்து சேட்டனின் பேன்ட்டை முழங்கால்வரை நனைத்தன.

"காய் வரல. தண்ணியும் அங்கயேதான் இருக்கு. அப்போ வள்ளத்தைத் தூக்கினது என்ன?" என்று டீச்சர் கேட்டாள். கேள்வி எல்லோருக்கும்தான், பார்வை மட்டும் என்மேல்.

"ஊர்ஜம்" என்றேன்.

அந்தச் சொல்லை அதுவரை பயந்து பயந்துதான் வாசித்திருந்தேன். அன்று அது என் வாயிலிருந்து, பாட்டில், கழி, வள்ளம் என்பதுபோல் இயல்பாக வந்தது. சேட்டன் நனைந்த காலை உதறிவிட்டு, "அப்போ பீச்சுல?" என்று விடாமல் கேட்டார். கரையில் அலை உடையும் இடத்தில் கதை வேறு, அங்கே தண்ணீரே முன்னால் பாயும் என்று டீச்சர் விளக்கினாள். "ஆனா இன்னைக்கு சேச்சி சொன்னதுதான் சரி" என்றாள். பதினைந்து பேரும் கை தட்டினார்கள். துறையில் டிக்கெட்டுக்கு நின்றவர்கள், ஏதோ கல்யாண விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு புத்தகம் என்னை மிரட்டவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபோது உராய்வு புரிந்தது. பாலத்து இறக்கத்தில் வண்டி என்னை இழுத்தபோது, ஏற்றத்தில் நான் கொடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது என்று புரிந்தது. பூஜ்யம் வேலையோடும் சமாதானம் ஆனேன். சுவருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. என் கை செலவழித்தது செலவழித்ததுதான்.

ரிசல்ட் வந்த அன்று பஜார் ரோட்டில் கூட்டிக்கொண்டிருந்தேன். மகள் போனில் கத்தினாள்: "அம்மா, பாஸ்! எல்லாத்தையும்விட பிசிக்ஸ்லதான் நல்ல கிரேடு!"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னேன்: "நான் பத்தாவது பாஸ்!"