நாய்க்காக ஒரு மன்றாட்டு

புயல் வருகிறது என்றால் எங்கள் ஏரிக்கரைக் குப்பத்தில் முதல் வேலை கட்டுவதுதான். படகைச் சவுக்கு மரத்தோடு கட்டுவோம், கூரையைக் கல்லோடு கட்டுவோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் நாயையும் கட்டினார். பள்ளிக்கூட முகாமில் நாயைச் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவிழ்த்துவிட்டால் எங்கள் பின்னாலேயே ஓடிவந்து ஏரித் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து, படகுக்குள் உட்காரவைத்து, வலைக்கயிற்றால் முடிந்தார். நனைந்தால் இறுகுகிற முடிச்சு அது. கைப்பழக்கம், மனுஷனுக்கு வேறு முடிச்சு வராது.

திரும்பி வந்தபோது படகு கவிழ்ந்து கிடந்தது. நாய் அதற்கடியில், கயிற்றோடு.

"படகு மெதக்கும்னு நெனச்சேன்டி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோறும் இல்லை, தொழிலும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவரை எழுப்ப எனக்கு வழி தெரியவில்லை. தினமும் கூடவே ஏரிக்குப் போன பிராணி.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஊரே வூட்ட உட்டுட்டு நிக்குது, நீங்க இன்னா நாய்க்குப் போயி துக்கம் காக்குறீங்க? ஆண்டவருக்கே அடுக்காது" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். ஞாயிறு பூசையில் நாயையும் சேர்த்து வேண்டுங்கள் என்றேன். அதைக் கேட்டாவது இவர் எழுந்துவிட மாட்டாரா என்ற நப்பாசை.

"மிருகத்துக்கு அழியாத ஆன்மா இல்லையேம்மா" என்றார். பாவம், மெதுவாகத்தான் சொன்னார்.

"போன திருநாளுக்குப் படகு இன்ஜினுக்குத் தீர்த்தம் தெளிச்சீங்களே சாமி, அதுக்கு ஆன்மா இருக்குதா?"

யோசிக்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை இழுக்காத குறையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மன்றாட்டு நேரத்தில், உடைந்த படகுகளுக்காக என்றார்கள், போன வலைகளுக்காக என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் கோயிலே சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நாய் வரவேயில்லை. நான் எழுந்து நின்றேன்.

"செத்துப்போன எங்க நாய்க்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பக்கத்து வீட்டு அக்கா தரையைப் பார்த்தாள். சாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் மட்டும் வந்தது.

"நாந்தான் கட்னேன் ஆண்டவரே" என்றார். "கட்றப்ப, அது வாலை ஆட்டினு உக்காந்துனு இருந்துச்சு."