ஜெபகனி கட்டிய வீட்டு வரிசை

ஜெபகனி பிறந்தது நாங்குநேரிப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் கடலையே பார்த்தாள். தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குத் தெற்கே, சிப்பிவிளையில் அருமைநாயகம் என்ற பனையேறிக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள். அலைச் சத்தத்தில் ஆரம்பத்தில் உறக்கமே பிடிக்கவில்லை. பிறகு கிரேஸ் பிறந்தாள். அந்தச் சத்தத்தைக் கவனிக்க நேரமில்லாமல் போயிற்று. அதே மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுச் சாலோமிக்கும் ஒரு பெண் பிறந்தது, பியூலா. சாலோமிக்குப் பால் போதாது. இரண்டு பிள்ளைகளையும் ஜெபகனியே மடியில் போட்டுக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். பிள்ளைகளுக்கு மூன்று வயது. ஒரு கார்த்திகை மாதம், பட்டப்பகலில் வானம் கறுத்தது. ஆண்களில் பாதிப்பேர் கருப்பட்டி விற்க ஆத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேதக்கோயிலுக்குள் ஓடினார்கள். ஊரில் கல்சுவர் இருந்தது அங்கே மட்டும்தான். ஒரு பக்கம் ஆறு வந்தது, மறுபக்கம் கடல் வந்தது. கடல் பக்கத்துச் சுவர் விழுந்தபோது ஜெபகனியின் கையிலிருந்த கிரேஸ் நழுவினாள். கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் துழாவினாள். ஒரு சின்னக் கை அகப்பட்டது. இழுத்து, முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஊருக்குப் பின்னால் இருந்த செம்மண் தேரிமேட்டில் தவழ்ந்து ஏறினாள்.

மேட்டில் முந்தானையை அவிழ்த்து, பிள்ளையின் முகத்துச் சேற்றை வழித்துவிட்டாள். பியூலா.

சாலோமி ஏற்கெனவே மேட்டில்தான் இருந்தாள். தனியாக. ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு அருமைநாயகம் சந்தையிலிருந்து வந்தான். நடந்ததைக் கேட்டான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஜெபகனி பின்னாளில் ஒருத்தியிடம் சொன்னாளாம்.

"ஏட்டி, பெத்த பிள்ளை கை உனக்குத் தெரியாதா?" என்றான். "ஆடு மாடுக்குத் தெரியுதே."

திருநெல்வேலியில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு நிவாரண சங்கம் வைத்தார்கள். கடலை விட்டுத் தள்ளி, தேரியடியில் சிப்பிவிளைக்குப் புது வீட்டு வரிசை கட்டுவதாக ஏற்பாடு. மேற்பார்வைக்குத் தேவசிகாமணி என்பவர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு. வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கஞ்சி.

ஆண்கள் கல் சுமந்தார்கள். பெண்கள் சிப்பி பொறுக்கினார்கள், சூளை எரித்தார்கள், சுண்ணாம்பு இடித்தார்கள். சாந்து இறுகக் கருப்பட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பசித்த பெண்கள் விரலில் ஒட்டியதை நக்குவார்கள். அதற்குப் பிரம்படி. "சுவருக்கு வந்தது வயித்துக்குப் போகுது" என்பார் தேவசிகாமணி. ஜெபகனியும் அடிபட்டிருக்கிறாள். சுண்ணாம்பு அரித்து அவள் உள்ளங்கை ரேகைகள் அழிந்தன.

ராத்தங்கச் சுண்ணாம்புக் கொட்டகைதான். அருமைநாயகம் தன் குடிசையில் அவளைச் சேர்க்கவில்லை. பியூலா மட்டும் பழக்கம் விடாமல் கொட்டகைக்கு ஓடிவரும், மடியில் ஏறி உட்காரும். ஒருநாள் சாலோமி வந்து பிள்ளையை முடியைப் பிடித்து இழுத்தாள்.

"எம்பிள்ளையை மயக்கப் பாக்கியா? உன் பிள்ளையைத் தின்னுட்டு இதையும் கேக்குதோ உனக்கு?"

"நான் கூப்பிடல சாலோமி. அதுவா வருது."

"வந்தா வெரட்டு. நாயை வெரட்டுத மாதிரி வெரட்டு."

தண்ணீரில் முதலில் விட்டது தன் கைதான் என்பது சாலோமிக்குத் தெரியும். ஜெபகனிக்கும் அது தெரிந்திருக்கும் என்ற நினைப்பே அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பியூலா வந்தபோது ஜெபகனி கல்லை எடுத்து ஓங்கினாள். பிள்ளை அழுதுகொண்டே ஓடியது. அப்புறம் வரவில்லை.

கடைசி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, வேலையாள் பிச்சைக்கண்ணுவின் மண்வெட்டி எதிலோ பட்டது. புயல் குவித்த மணலுக்குள் ஒரு சின்ன உடல். மணிக்கட்டில் கறுப்புக் கண்ணாடி வளையல். அந்த வருஷம் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வளையல்காரனிடம் வாங்கிப் போட்டதுதான் அது. கடல் கொண்டுபோன பெண்பிள்ளைகளும் பலர். ஜெபகனி மண்கூடையைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். முகம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

கல் சுமந்துகொண்டிருந்த அருமைநாயகம் மேலே வந்து நின்றான்.

"சொல்லுட்டி. நம்ம பிள்ளையா?"

அவள் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள், காலைத் தடவினாள்.

"தெரியலயே" என்றாள்.

"அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல" என்றான் அவன், சுற்றி நின்றவர்களைப் பார்த்து. யாரோ சிரித்தார்கள்.

"பணம் குடுத்த துரை நாளைக்குப் பாக்க வாராரு. மூடிட்டு வேலையைப் பாருங்க வே" என்றார் தேவசிகாமணி. வளையலையாவது கழற்றிக்கொள்கிறேன் என்று ஜெபகனி கெஞ்சினாள். எந்தப் பிள்ளையோ, யார் கேட்டாலும் கொடுக்க முடியுமா என்று மறுத்துவிட்டார். தேரிக்கு அந்தப்பக்கம் குழி வெட்டிப் போட்டார்கள். அடையாளத்துக்கு ஒரு கல்கூட நடவில்லை. அஸ்திவாரம் மாலைக்குள் எழும்பிவிட்டது.

வீடுகள் முடிந்தன. ஒவ்வொன்றும் ஆண் பெயரில். அருமைநாயகத்துக்கு வரிசையின் நடுவில் ஒன்று கிடைத்தது. தம்பி குடும்பத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். ஜெபகனி தேவசிகாமணியிடம் போய் நின்றாள்.

"புருசன் சேத்துக்கிட்டா இரி. இல்லன்னா நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போதே ஆட்கள் சுண்ணாம்புக் கொட்டகையின் ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபகனி ஆற்றோரமாகவே மேற்கே நடந்து பாளையங்கோட்டை சேர்ந்தாள். தெரிந்த வேலை சாந்து இடிப்பதும் சுமப்பதும்தான். அதைச் செய்தே வருஷங்கள் போயின. ஒரு சமயம் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் மதில் வேலை. மதியம் கிணற்றடியில் ஜெபகனி தண்ணீர் இறைக்கும்போது, பாவாடை தாவணியில் ஒரு பிள்ளை சொம்போடு வந்தது. எந்த ஊர் என்று ஜெபகனி கேட்டாள்.

"சிப்பிவிளை. எங்க ஊரைக் கடல் கொண்டு போயிட்டு, தெரியுமா? நான் அப்பம் சின்னப் பிள்ளை. எங்கம்மைதான் என்னை இடுப்புல கட்டித் தேரியில ஏத்துனா."

ஜெபகனி வாளியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுல ஒருத்தி இருந்தாளாம். சொந்தப் பிள்ளையையே தண்ணியில விட்டுட்டு ஓடிட்டாளாம். பேய் பிடிச்சவ. என்னைக்கூடக் கல்லால அடிக்க வந்தா. அது எனக்கு ஞாபகம் இருக்கு."

ஜெபகனி சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

"உன் பேரு பியூலாவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. பைய போ, தாயி. வழுக்கும்."

பிள்ளை போயிற்று. சாயங்காலம் வரை ஜெபகனி சாந்து சுமந்தாள். மறுநாள் அந்த வேலைக்கு வரவில்லை. அதன்பின் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் சாலை வேலையில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஊர் ஊராகக் காய்ச்சல் அள்ளிக்கொண்டு போன வருஷத்தில், வேலைக்காரர்களுக்குப் போட்ட கொட்டகையில் கிடந்து செத்தாள். கூட வேலை செய்த உலகம்மாள்தான் வாயில் தண்ணீர் விட்டவள். பிள்ளைகுட்டி உண்டா, யாருக்காவது சொல்லி அனுப்பவா என்று உலகம்மாள் கேட்டாளாம்.

"ஒண்ணு இருக்கு" என்றாளாம் ஜெபகனி. "சொல்ல வேண்டாம்."