யாரும் ஒன்றும் சொல்வதில்லை

ஆவடியில் தம்பி வீட்டில் அம்மா இருக்கிறாள். அப்பா கட்டிய வீடுதான், ஆனால் பேச்சுவாக்கில் அது எப்போதோ தம்பி வீடாகிவிட்டது. நானும் அப்படியேதான் சொல்கிறேன், பாருங்கள்.

போன வருஷம் அவள் மணிக்கட்டில் கன்றிப்போன தடத்தைப் பார்த்தேன். பாத்ரூமில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாளாம், தம்பி கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறான். வாய் அதற்கு முன்பே நீண்டிருந்தது. தண்டச்சோறு என்றும், எப்பதாம்மா போய்ச் சேருவ என்றும் அவனும் அவன் மனைவியும் மாறி மாறிப் பேசுவதை எதிர்வீட்டு அம்மா எனக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். கொரட்டூரில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பொண்ணு ஊட்ல போய் குந்திக்கினா, என் புள்ளய நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றாள்.

இழுத்துப் போட்டவனுக்கு மானம் போய்விடக் கூடாதாம். வந்த எரிச்சலில் அவளையும் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

போலீஸ் வேண்டாம் என்று அழுதாள். அதனால் அம்பத்தூரில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்கு எல்லோரும் போனோம். அங்கிருந்த மேடம் நல்லவர். முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசினார். பிறகு தம்பியையும் அவன் மனைவியையும் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், சட்டம் என்ன செய்யும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். "இனிமே அவங்க மேல கை படக் கூடாது. ஒரு கெட்ட வார்த்தை வரக் கூடாது. கோபம் வந்தா வாயை மூடிக்கிட்டு அந்த இடத்தை விட்டுப் போயிடுங்க."

தம்பி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

அதன்பின் மேடம் அவ்வப்போது அம்மாவுக்குப் போன் செய்து, வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்பார். "யாரும் ஒண்ணும் சொல்றதில்லம்மா" என்பாள் அம்மா. திட்டுவதில்லை, குறை சொல்வதில்லை என்றுதானே நம் காதில் அது விழும்? அவருக்கும் அப்படித்தான் விழுந்தது. எனக்கும். நல்லபடியாக முடிந்தது என்று என்னிடம் சொல்லி அவர் கேஸை முடித்தார். நான் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நேராக அங்கே போனேன். தம்பி மனைவி அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள். "உப்பு கொஞ்சம் கம்மியா கீதும்மா" என்றாள் அம்மா. உப்பு வந்தது, வார்த்தை வரவில்லை. "சாப்ட்டியாப்பா?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு எல்லோரும் ஹாலில்தான் உட்காருவோம். கடைசியில் அம்மாதான் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். அன்று தம்பி குடும்பத்தோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாட்டுச் சத்தம் மட்டும் வெளியே வந்தது. அம்மா ஹாலில் உட்கார்ந்து அதோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் வெளியே வந்ததும், "என்னடா இதெல்லாம்?" என்றேன்.

"இன்னாக்கா பண்ணணும்ன்ற? தொட்டா கேஸு, திட்னா கேஸு. அந்த மேடம் வாய மூடிக்கோன்னாங்க, மூடிக்கினோம். வேளாவேளைக்கு சோறு போவுது. இன்னா கம்ப்ளைன்ட் கீது, சொல்லு?"

மணிக்கட்டுத் தடத்தையாவது காட்டியிருக்கலாம், இதை யாரிடம் எப்படிக் காட்டுவது? படித்தவன், கேட்டதைக் கேட்டபடியே செய்துவிட்டான், பாவி.

கிளம்பும்போது அம்மா கேட் வரை வந்தாள். மறுபடி அந்த மேடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றேன். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை.

"போலாம். உன் தம்பிய முன்ன மாரியே என்னத் திட்டச் சொல்லி அவங்ககிட்ட கேளும்மா" என்றாள். "திட்டும்போதாவது அம்மான்னு கூப்புடுவான்."